செஞ்ச மாதிரி தெரியக்கூடாது

பொகவந்தலாவை பஸ் நிலையத்துக்குப் பின்னால்
மருந்துக்கடைக்கும் கருவாட்டுக்கடைக்கும் நடுவே
என் கடை.
ஒரு கம்பியூட்டர், ஒரு பிரிண்டர்,
அடையாள அட்டைக்கு வருகிறவர்கள் முதுகுக்கு
ஒரு நீலத் துணி.

அமராவதி போனை நீட்டினாள்.
தீபாவளி ராத்திரி. பக்கத்து வீட்டுப் பையன் எடுத்தது.
நாலு பேரும் சேர்ந்து நிற்கிற ஒரே படம்.
கொழும்புக் கடையில் மூன்று நாள் லீவு வாங்கி வந்த சந்தனம்
கண்ணை மூடிவிட்டார்.
டிலுக்ஷன் கண்ணில் பிளாஷ் சிவப்பு.
கிஷாந்தினி மட்டும் பத்திரமாய்ச் சிரிக்கிறாள்.
வீடே ஒரு பக்கம் சாய்ந்திருக்க
காலடியில் ஒரு பச்சை வாளி.

"வாளிய எடுத்துருங்க தம்பி.
இவரு கண்ணத் தொறந்துவிடுங்க.
ஆனா செஞ்ச மாதிரி தெரியக்கூடாது."

செய்தது தெரியாமல் செய்ய
ரொம்ப நேரம் செய்ய வேண்டும்.
போன மாசம் இங்கேயே எடுத்த
அவருடைய அடையாள அட்டைக் கண்ணை ஒட்டிப் பார்த்தேன்.
அது பொலிஸைப் பார்க்கிற கண். பொருந்தவில்லை.
அதே ராத்திரியில் இன்னொரு படம்,
முறுக்குத் தட்டோடு வருகிறவளைப் பார்த்தபடி அவர்.
அந்தக் கண்ணை எடுத்துவைத்தேன்.
கண்ணுக்குக் கீழே இருந்த கறுப்பைத் தொடவில்லை.
பதினாலு மணி நேரம் நிற்கிற மனிதருக்கு
அதை எடுத்தால்
வேறு யாரோ வந்து நிற்பார், அவள் பக்கத்தில்.

வாளிதான் கஷ்டம்.
வாளியைத் தூக்கினால்
அதற்குப் பின்னால் இருந்ததை நான்தான் சொல்லவேண்டும்.
மூலையிலிருந்து கொஞ்சம் சீமெந்துத் தரை இரவல் வாங்கினேன்.
ஒரே வெடிப்பு ரெண்டு இடத்தில் வந்தால் பிடிபட்டுப்போகும்,
ஒன்றைத் திருப்பிப் போட்டேன்.
நிழலை மறக்கவில்லை.
சாய்ந்த வீட்டை நிமிர்த்தினேன்.
கடைசியாக, மேலிருந்து கீழே
நூல் மாதிரி ஒரு வெள்ளைக் கீறல்.
போன் கண்ணாடியில் ஏதாவது பட்டிருக்கும் என்று
துடைத்துவிட்டேன். மூன்று நிமிஷம்.

சம்பளச் சனிக்கிழமை வந்தாள்.
முதலில் சந்தனத்தைப் பார்த்தாள், கொஞ்சம் கூடுதல் நேரம்.
பிறகு படத்தில் எதையோ தேடினாள்,
தேடிக்கொண்டே சிரிக்கத் தொடங்கி
முந்தானையால் வாயைப் பொத்தினாள்.

"கூரையையும் செஞ்சிட்டீங்களே!
அது கீறல் இல்ல தம்பி, ஒழுக்கு.
அதுக்குத்தான வாளி."

பதினோரு வருஷம்
மேக்கணக்கிலிருந்து பணிய நடந்து நடந்து
ஆபீசில் கேட்டும் வராத தகரத்தை
ஒரு ஆணிகூட இல்லாமல்
மௌசால் அடித்திருக்கிறேன்.

"இது இருக்கட்டும், செவுத்துக்கு.
பழையதுல ஒண்ணு எடுத்துத் தாங்க,
அது தொரைக்கு."

பழையதைத் திறந்தேன்.
அவள் குனிந்து பார்த்தாள். முகம் சுருங்கியது.
"இதுல ஒழுகுற மாதிரியே இல்லையே.
நீங்களே கீறல்னுட்டீங்க, தொரை என்ன சொல்லுவாரு?
கொஞ்சம் கூட்டிவிடுங்க."
மிச்சத்தை அவள் சொல்லவில்லை.
எனக்குப் பாடம்.

இல்லாததைச் சேர்ப்பதில்லை என்று
எனக்குள் ஒரு கணக்கு உண்டு,
நேற்றைய சீமெந்துத் தரையை அதில் எழுதவில்லை.
ஆனால் இந்தத் தண்ணீர் இருக்கிறது.
மங்கலாய் இருக்கிறது, அவ்வளவுதான்.
வெளிச்சத்தை ஏற்றினேன்.
நாலு, ஐந்து, ஆறு.
நூல் அறுந்து துளித்துளியாய்ப் பிரிந்தது,
ஒன்று கிஷாந்தினியின் தோளுக்குப் பின்னால்
இன்னும் விழாமல்.

"வாளியில எவ்வளவு இருக்கு, பாருங்க."
பெரிதாக்கினேன். அரை வாளி.
நிரப்பவும் என்னால் முடியும்.
அவளுக்கும் அது தெரியும்.
திரையில் கை வைக்காமல் விரலை நீட்டி
கொஞ்ச நேரம் யோசித்தாள்.

"அன்னைக்கு அரைதான்.
விடியிறப்பதான் ரொம்பிச்சு.
அப்பிடியே விடுங்க."

ரெண்டு படத்தையும் ஒரே கவரில் போட்டேன்.
மை காயவில்லை.
ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொள்ளாமலிருக்க
நடுவே ஒரு வெள்ளைத் தாள் வைத்தேன்.